லேப் டெக்னீஷியன் தேர்வுக்குத் திருப்பிப் படிக்கிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கோட்டை பாசஞ்சரில் காலையில் ஏறினால், மடியில் நோட்டை விரித்து உதட்டை அசைத்துக்கொண்டே வருகிற பிள்ளைகளைப் பார்க்கலாம். டிஎம்எல்டி என்ற மருத்துவ லேப் டிப்ளமோ முடித்தவர்கள், முடிக்கப் போகிறவர்கள். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று ஏறி திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கி, பாளையங்கோட்டைப் பக்கம் லேபுகளுக்கும் கல்லூரிகளுக்கும் போகிறவர்கள். நானும் அந்த வண்டியில் போய்ப் படித்தவள்தான். இப்போது பாளையில் ஒரு லேபில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மதியம் நாலைந்து பேர் வீட்டுக்கு வந்து படிக்கிறார்கள். அவர்கள் மாற்றி மாற்றிக் கேட்கிற கேள்விகளையும், நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அக்கா, டிப்ளமோ தேர்வு, வளைகுடாத் தேர்வு, அமெரிக்கத் தேர்வு எல்லாத்துக்கும் ஒரே படிப்புதானா?

பாடம் ஒன்றுதான். கேட்கிற விதம் வேறு. டிப்ளமோ தேர்வில் "விவரித்து எழுது" என்பார்கள். முறை, தத்துவம், அளவு என்று வரிசையாக எழுதினால் மார்க். வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்கள் புரோமெட்ரிக் என்ற நிறுவனத்தின் கணினித் தேர்வு மையத்தில் எழுதுவது கொள்குறி வகை. அமெரிக்காவில் லேப் ஆட்களுக்குச் சான்று தரும் ஏஎஸ்சிபி அமைப்பின் தேர்வும் கொள்குறிதான்: 100 கேள்வி, இரண்டரை மணி நேரம், 100 முதல் 999 வரையிலான மதிப்பெண் அளவில் 400 எடுத்தால் தேர்ச்சி. அதில் நீங்கள் சரியாகப் பதில் சொல்லச் சொல்ல அடுத்த கேள்வி கடினமாகும். "கஷ்டமா வருதே, போச்சு" என்று நடுவில் மனம் உடைந்துவிடாதீர்கள். கஷ்டமாக வருவது நல்ல அறிகுறி.

இன்னொரு விஷயம், அலகுகள். நம் லேபில் சர்க்கரை 126 மில்லிகிராம் என்று எழுதுகிறோம். வெளிநாட்டுக் கேள்வியில் 7.0 மில்லிமோல் என்று வரும். மில்லிகிராமை 18-ஆல் வகுத்தால் மில்லிமோல். கிரியாட்டினினை 88.4-ஆல் பெருக்கினால் மைக்ரோமோல். பிலிருபினுக்கு 17.1. நாம் யூரியா போடுகிறோம். அமெரிக்கக் கேள்வியில் யூரியா நைட்ரஜன் வரும், அதை 2.14-ஆல் பெருக்கினால் நம்முடைய யூரியா. இந்த நாலைந்து எண்களை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். சில விடைகளும் நாட்டுக்கு நாடு மாறும். ரத்தப் பையைச் சேமிக்கும் வெப்பநிலையை நம் புத்தகம் 2 முதல் 6 டிகிரி என்கும். அமெரிக்கப் புத்தகம் 1 முதல் 6 என்கும். எந்த ஊர்த் தேர்வோ அந்த ஊர் விடை.

எங்கிருந்து ஆரம்பிக்கிறது? எல்லாரும் பயோகெமிஸ்ட்ரியில் தொடங்கச் சொல்றாங்க.

நான் டியூபில் தொடங்கச் சொல்வேன். ரத்தம் அனலைசருக்குள் போவதற்கு முன்னால் நடக்கிற தப்புகள்தான் லேபில் அதிகம். தேர்விலும் அதைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கிறார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஒரு சின்ன லேபில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுத்தேன். ஊதா மூடி டியூப் நிறைந்துவிட்டது. சிவப்பு மூடியில் போதிய ரத்தம் விழவில்லை. "இதிலேர்ந்து அதிலே கொஞ்சம் ஊத்திக்கோ" என்றார் கூட இருந்த சீனியர். ஊற்றினேன். ஒரு மணி நேரம் கழித்து ரிசல்ட் வருகிறது: பொட்டாசியம் 11-க்கு மேல், கால்சியம் 3-க்குக் கீழே. தலை நிமிர்ந்து பார்த்தால், பெரியவர் வெளியே பெஞ்சில் கால்மேல் கால் போட்டு பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பொட்டாசியத்தில் ஒரு மனித இதயம் துடிக்காது. அந்தக் கால்சியத்தில் கை கால் இழுத்திருக்கும். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊதா மூடியில் இருப்பது ரத்தத்தை உறையவிடாத ஈடிடிஏ-வின் பொட்டாசிய உப்பு. அது பொட்டாசியத்தைக் கொண்டுவந்து கொட்டும், கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆல்கலைன் பாஸ்படேஸ் வேலை செய்ய மெக்னீசியமும் துத்தநாகமும் வேண்டும். அவற்றையும் ஈடிடிஏ பிடித்துவிடுவதால் அதுவும் விழுந்துவிடும். பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டு மறுபடி ரத்தம் எடுத்தேன். பொட்டாசியம் 4.2.

"பொட்டாசியம் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு, நோயாளி நன்றாக இருக்கிறார், காரணம் என்ன?" என்ற கேள்வி பெயர் மாறி, எண் மாறி வந்துகொண்டே இருக்கும். அந்தப் பெரியவர் பேப்பர் படித்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.

டியூப் வரிசை மறந்து மறந்து போகுது. ஞாபகத்தில் நிற்க வழி உண்டா?

முதலில் பிளட் கல்ச்சர். அப்புறம் நீல மூடி சிட்ரேட், சிவப்பு அல்லது மஞ்சள் மூடி சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் திரவம்), பச்சை ஹெப்பாரின், ஊதா ஈடிடிஏ, கடைசியில் சாம்பல் நிற ஃபுளோரைடு. காரணத்தோடு படித்தால் மறக்காது. கல்ச்சர் சுத்தமாக இருக்க வேண்டும், அதனால் முதலில். உறைதல் சோதனைக்கான நீல டியூபில் வேறு எந்த மருந்தின் துளியும் பட்டுவிடக் கூடாது, அதனால் அடுத்தது. ஈடிடிஏ மேலே சொன்ன கூத்தையெல்லாம் செய்யும், அதனால் சீரத்துக்கும் ஹெப்பாரினுக்கும் பின்னால்.

நீல டியூபில் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு 3.2 சதவீத சிட்ரேட். கோடு வரை நிறையவில்லை என்றால் சிட்ரேட் மிஞ்சி, உறையும் நேரம் பொய்யாக நீளும். ஹீமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்கள் அடைக்கும் சதவீதம்) 55-க்கு மேல் உள்ளவருக்கும் பிளாஸ்மா குறைவு என்பதால் இதே கதைதான். பட்டர்ஃபிளை ஊசியில் எடுத்தால் குழாயில் உள்ள காற்று முதல் டியூபில் போய் இடத்தை அடைக்கும். ஒரு டியூபை வீணாக எடுத்து எறிந்துவிட்டு நீலத்தை மாட்ட வேண்டும். டூர்னிகே ஒரு நிமிஷத்துக்கு மேல் கட்டி வைக்காதீர்கள். கையை மூடி மூடித் திறக்கச் சொல்லவும் சொல்லாதீர்கள். பொட்டாசியம் ஏறும்.

வெளியூர் கலெக்ஷன் சென்டரில் எடுத்த சாம்பிள் பற்றிக் கேட்பாங்களா?

கேட்பார்கள். நம் ஊரில் இது தினசரி நடப்பது. அம்பையில் காலை 7 மணிக்கு எடுத்த ரத்தம், பிரிக்காமல், பையில் போட்டு பஸ்ஸில் ஏறி, 10 மணிக்குப் பாளைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். டியூபுக்குள் செல்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அவை சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரண அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். 120 இருந்தது மூன்று மணி நேரத்தில் 100 பக்கம் வந்து நிற்கும். சித்திரை வெயிலில் இன்னும் வேகம். சர்க்கரை நோயாளிக்கு "நார்மல்" என்று ரிப்போர்ட் போய்விடும். சாம்பல் மூடியில் இருக்கும் ஃபுளோரைடு ஈனோலேஸ் என்ற நொதியைத் தடுத்து இதை நிறுத்துகிறது. உடனே நிறுத்தாது, முழுதாக வேலை செய்ய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்தக் கடைசி வரியைத் தேர்வில் கேட்பார்கள்.

"அப்போ ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பினால் சரியாகிவிடுமா?" என்று ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. சர்க்கரை நிற்கும். ஆனால் குளிரில் செல்லின் சோடியம் பொட்டாசியம் பம்ப் ஓடாது. உள்ளே இருக்கும் பொட்டாசியம் கசிந்து வெளியே வரும். செல் உடையாததால் சீரம் சிவக்காது. பார்க்க நன்றாக இருக்கும், பொட்டாசியம் மட்டும் பொய். அதனால் அங்கேயே சென்ட்ரிஃபியூஜ் போட்டுச் சீரத்தைப் பிரித்து அனுப்புவதுதான் வழி.

செல் உடைந்து சீரம் சிவந்திருந்தால் பொட்டாசியம், எல்டிஹெச், ஏஎஸ்டி என்ற நொதிகள், மூன்றும் ஏறும்.

குவாலிட்டி கண்ட்ரோலை விட்டுட்டுப் படிக்கலாமா? வெஸ்ட்கார்டு விதி புரியவே மாட்டேங்குது.

விடவே கூடாது. மற்ற எல்லாப் பாடத்துக்கும் அடியில் இருப்பது இதுதான். ஒருமுறை புரிந்தால் மார்க் கையில் விழும்.

சந்தையில் பழைய தட்டுத் தராசைப் பார்த்திருப்பீர்கள். தட்டின் அடியில் புளி ஒட்டியிருந்தால், எத்தனை முறை நிறுத்தாலும் ஒரே அளவு, ஒரே பக்கம் தப்பும். இது முறையான பிழை. தராசு பிடிக்கிறவருக்குக் கை நடுங்கினால் ஒருமுறை கூடும், ஒருமுறை குறையும். இது தற்செயல் பிழை. வெஸ்ட்கார்டு விதிகள் சொல்வது இவ்வளவுதான்: இன்றைக்கு உன் தராசில் புளியா, கை நடுக்கமா?

ஒரு கிராஃப் தாளை எடுங்கள். சர்க்கரை கண்ட்ரோலின் (அளவு முன்கூட்டியே தெரிந்த சோதனைத் திரவம்) சராசரி 100, திட்ட விலக்கம் 3 என்று வையுங்கள். நடுவில் 100-க்கு ஒரு கோடு. மேலே 103, 106, 109. கீழே 97, 94, 91. இது லீவியும் ஜென்னிங்ஸும் 1950-இல் லேபுக்குக் கொண்டுவந்த வரைபடம். இப்போது தினம் ஒரு புள்ளி வையுங்கள். திங்கள் 101. செவ்வாய் 98. புதன் 107. இரண்டு திட்ட விலக்கத்தைத் தாண்டிவிட்டது. இது 1-2எஸ், எச்சரிக்கை மட்டும். நல்ல நிலையில் உள்ள முறையில்கூட ஏறக்குறைய 20-க்கு ஒரு புள்ளி இப்படி வெளியே விழும், அதனால் உடனே எல்லாவற்றையும் நிராகரிக்க வேண்டாம். வியாழன் 108. அடுத்தடுத்து இரண்டு, ஒரே பக்கம், இரண்டு திட்ட விலக்கத்துக்கு வெளியே. இது 2-2எஸ். நிறுத்துங்கள். புளி ஒட்டியிருக்கிறது. கேலிபரேஷன், ரீஏஜென்ட், வெப்பநிலை என்று தேடுங்கள்.

வேறொரு நாள் திடீரென்று 112 என்றால் 1-3எஸ், பெரும்பாலும் தற்செயல்: பிப்பெட்டில் காற்றுக் குமிழி, சரியாகக் கலக்காத கண்ட்ரோல். நார்மல் கண்ட்ரோல் மேலே 2.3, அதே ஓட்டத்தில் அப்நார்மல் கண்ட்ரோல் கீழே 2.1 திட்ட விலக்கம் என்றால் இடைவெளி 4.4, இது ஆர்-4எஸ், இதுவும் கை நடுக்கம். பத்துப் புள்ளி தொடர்ந்து சராசரிக்கு ஒரே பக்கம் விழுந்தால் 10எக்ஸ். ஒவ்வொரு புள்ளியும் தனியாகப் பார்த்தால் நல்ல பிள்ளைதான். சேர்த்துப் பார்த்தால் அனலைசரின் பல்பு மங்கிக்கொண்டிருக்கும், அல்லது ரீஏஜென்ட் கெட்டுக்கொண்டிருக்கும். இந்த விதிகளைத் தொகுத்து வெஸ்ட்கார்டு குழு வெளியிட்டது 1981-இல்.

நான் மனசார வேண்டிக் கேட்பது ஒன்று. கண்ட்ரோல் வெளியே விழுந்தால், உள்ளே விழுகிற வரை திரும்பத் திரும்ப ஓட்டும் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளாதீர்கள். தேர்வில் அந்த விடையை ஒரு தெரிவாகவே கொடுத்து வைத்திருப்பார்கள். அது தப்பு. அன்றைக்கு வந்த நோயாளிகளின் ரிப்போர்ட்டை நிறுத்தி வைத்து, காரணம் தேடிச் சரிசெய்து, மறுபடி கண்ட்ரோல் ஓட்டி, பிறகு நோயாளிகளின் சாம்பிளையும் மறுபடி ஓட்டுவதுதான் சரி.

நார்மல் வேல்யூ எத்தனை மனப்பாடம் செய்யணும்?

முப்பது போதும். சோடியம், பொட்டாசியம், குளோரைடு, கால்சியம், சர்க்கரை, யூரியா, கிரியாட்டினின், பிலிருபின், புரதம், ஆல்புமின், கொழுப்பு வகைகள், ரத்த அணுக்கள், உறைதல் நேரங்கள். மற்றவற்றை லேபுக்கு லேப், கிட்டுக்குக் கிட் மாறும் என்பதால் கேள்வியிலேயே பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். மிச்ச நேரத்தை "எது எதோடு சேர்ந்து ஏறும்" என்பதில் செலவழியுங்கள். நேரடி பிலிருபினும் ஆல்கலைன் பாஸ்படேஸும் சேர்ந்து ஏறினால் பித்தப் பாதை அடைப்பு. ஏஎல்டி என்ற கல்லீரல் நொதி ஆயிரத்தைத் தாண்டினால் கல்லீரல் செல்லில் அடி. மறைமுக பிலிருபின் மட்டும் ஏறி, ஹீமோகுளோபின் இறங்கினால் செல் உடைகிறது.

எல்டிஎல் கணக்கைச் சொல்ல மறந்துவிட்டேன். மொத்தக் கொலஸ்ட்ராலில் ஹெச்டிஎல்லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்க வேண்டும். டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. நேரடியாக அளக்க வேண்டும்.

ஹீமட்டாலஜியில் மெஷின் கொடுக்கிற எண்ணை நம்பலாமா, கூடாதா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மூன்றின் விதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பணு எண்ணிக்கையை மூன்றால் பெருக்கினால் ஹீமோகுளோபின். அதை மூன்றால் பெருக்கினால் ஹீமடோக்ரிட், மூன்று கூடலாம் குறையலாம். செல்களின் அளவும் நிறமும் இயல்பாக இருந்தால் மட்டும்தான் இது பொருந்தும். பொருந்தவில்லை என்றால் இரண்டில் ஒன்று: நோயாளியின் செல்லில் மாற்றம், அல்லது சாம்பிளில் கோளாறு.

முக்கூடல், ஆலங்குளம் பக்கமிருந்து பீடி சுற்றுகிற அக்காமார் "ஒரே அசதியா இருக்கு, மூச்சு வாங்குது" என்று வருவார்கள். ஹீமோகுளோபின் 9.0, சிவப்பணு 4.5, ஹீமடோக்ரிட் 28 என்று ஒரு ரிப்போர்ட் வையுங்கள். ஹீமடோக்ரிட்டைப் பத்தால் பெருக்கி சிவப்பணுவால் வகுத்தால் எம்சிவி, அதாவது ஒரு செல்லின் சராசரி அளவு: 62. செல் சின்னது. எம்சிவி-யை மறுபடி சிவப்பணுவால் வகுத்தால் மென்ட்ஸர் குறியீடு: 13.8. 13-க்கு மேல் என்றால் இரும்புச்சத்துக் குறைவுப் பக்கம் சாய்கிறது. அதே எம்சிவி-யோடு சிவப்பணு 5.6 இருந்தால் குறியீடு 11 பக்கம் வரும். அப்போது தலசீமியா மரபுக்கூறைச் சந்தேகித்து, ஹெச்பிஎல்சி கருவியில் ஹீமோகுளோபின் ஏ2 பார்க்கச் சொல்ல வேண்டும். குறியீடு ஒரு கைகாட்டி மட்டும். அதை வைத்து நோயை முடிவு செய்யக் கூடாது.

சாம்பிள் கோளாறுக்கு ஓர் உதாரணம். ஹீமோகுளோபின் 11, ஆனால் சிவப்பணு 1.9, எம்சிஹெச்சி (செல்லுக்குள் ஹீமோகுளோபினின் செறிவு) 50-க்கு மேல். ஒரு செல்லுக்குள் அவ்வளவு ஹீமோகுளோபினை அடைக்கவே முடியாது. டியூபை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: ரத்தம் சுவரில் வழுவழுவென்று வழியாமல், மணல் ஒட்டியதுபோல் பொடிப் பொடியாக இறங்கும். குளிர் எதிர்ப்பொருள் செல்களை ஒட்டவைத்திருக்கிறது. மெஷின் நாலைந்து செல்லை ஒன்றாக எண்ணிவிட்டது. 37 டிகிரியில் சூடுபடுத்தி உடனே ஓட்டினால் மணல் கரைந்து எண்கள் சரியாகிவிடும்.

ஐப்பசி கார்த்திகை மழை வந்துவிட்டால் நம் பக்கம் காய்ச்சல் சாம்பிள் குவியும். 2012-இல் கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு போட்ட போடு பலருக்கு ஞாபகம் இருக்கும். காய்ச்சலின் முதல் ஐந்து நாள் என்எஸ்1 (வைரஸின் புரதம்), அதற்குப் பிறகு ஐஜிஎம் (உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்) பார்க்க வேண்டும். தட்டணு 20 ஆயிரம் என்று மெஷின் காட்டினால் வீட்டார் அழ ஆரம்பித்துவிடுவார்கள். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுமுன் ஸ்மியர் (ஸ்லைடில் தேய்த்துச் சாயமிட்ட ரத்தம்) பாருங்கள். ஓரத்தில் தட்டணுக்கள் கொத்துக் கொத்தாகக் கிடந்தால் அது ஈடிடிஏ செய்த வேலை. சிட்ரேட் டியூபில் மறுபடி எடுத்து எண்ணி, 1.1-ஆல் பெருக்கிப் போடுங்கள். சிட்ரேட் திரவம் ரத்தத்தை நீர்க்க வைப்பதால் அந்தப் பெருக்கல்.

ஸ்மியர் என்றதும் ஒன்று. லீஷ்மன் சாயத்துக்கு 6.8 பிஹெச் பஃபர்தான் ஊற்ற வேண்டும். திசையன்விளைப் பக்கம் வேலை பார்த்த ஒரு தங்கச்சி, "என் ஸ்லைடு எல்லாமே நீலமா வருதுக்கா" என்றாள். பஃபர் தீர்ந்துபோய் போர் தண்ணியை ஊற்றியிருக்கிறாள். காரத் தண்ணீரில் ஸ்மியர் நீலம் பாயும், அமிலம் கூடினால் சிவப்பு பாயும். அவள் அதை இனி மறக்க மாட்டாள், நீங்களும் மறக்காதீர்கள்.

ரத்த வங்கிப் பாடம் என்றாலே பயம். எதை முதலில் பிடிப்பது?

முன்வகை (நோயாளியின் செல்லோடு ஆன்டி-ஏ, ஆன்டி-பி சேர்த்துப் பார்ப்பது), எதிர்வகை (நோயாளியின் சீரத்தோடு வகை தெரிந்த செல்லைச் சேர்த்துப் பார்ப்பது) இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற கண் முதலில் வேண்டும். ஆன்டி-ஏ நீலம், ஆன்டி-பி மஞ்சள், ஆன்டி-டி நிறமில்லை. டைலைச் சாய்க்கும்போது மோரில் வெண்ணெய் திரள்வதுபோல் திரள் பிரிந்து நின்றால் ஒட்டுதல். காசு அடுக்கியதுபோல் செல்கள் மைக்ரோஸ்கோப்பில் தெரிந்தால் அது ரூலோ. ஒரு சொட்டு சலைன் விட்டால் பிரிந்துவிடும். பிறந்த குழந்தைக்கு எதிர்வகை பார்ப்பதில்லை. குழந்தையின் சொந்த எதிர்ப்பொருள் வரவே 3 முதல் 6 மாதம் ஆகும்.

பம்பாய் ரத்த வகை கட்டாயம் வரும். பெண்டேயும் கூட இருந்தவர்களும் 1952-இல் பம்பாயில் கண்டது. முன்வகையில் ஓ மாதிரியே இருக்கும். எதிர்வகையில் ஏ செல், பி செல், ஓ செல் மூன்றையும் ஒட்டவைக்கும். ஆன்டி-ஹெச் லெக்டினோடு ஒட்டாது. இவருக்கு சாதாரண ஓ ரத்தம் ஏற்றினால் உயிருக்கு ஆபத்து. எதிர்வகை பார்க்காமல் "ஓ" என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போகிற டெக்னீஷியனை நினைத்துத்தான் இந்தக் கேள்வியே வைக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

செல்லில் ஒட்டிய எதிர்ப்பொருளை ஆன்டி ஹியூமன் குளோபுலினால் கண்டுபிடிக்கிற கூம்ப்ஸ் சோதனையில் ஒரு கேள்வி: விடை நெகட்டிவ், அதில் செக் செல் (எதிர்ப்பொருள் பூசிய செல்) சேர்த்தீர்கள், ஒட்டவில்லை, இப்போது என்ன? நெகட்டிவ் என்று எழுதக் கூடாது. செக் செல் ஒட்டியே ஆக வேண்டும். ஒட்டவில்லை என்றால் செல்களைச் சரியாகக் கழுவவில்லை. மிச்சமிருந்த சீரம் ஆன்டி ஹியூமன் குளோபுலினைச் செயலிழக்க வைத்துவிட்டது. அல்லது அதைச் சேர்க்கவே மறந்துவிட்டீர்கள். சோதனை செல்லாது, முதலிலிருந்து செய்யுங்கள்.

நுண்ணுயிர்ப் பெயர் எல்லாம் வாயில் நுழையலை. எப்படிப் பிரிச்சுப் படிக்க?

பெயரில் தொடங்காமல் பெஞ்சில் செய்கிற வரிசையில் படியுங்கள். கிராம் சாயம் போடுகிறீர்கள். ஊதாவில் உருண்டை என்றால் கேட்டலேஸ் (ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டுப் பார்ப்பது). நுரைத்தால் ஸ்டஃபைலோ, நுரைக்காவிட்டால் ஸ்ட்ரெப்டோ. நுரைத்ததில் கோயாகுலேஸ், உறைந்தால் ஆரியஸ். சிவப்பில் குச்சி என்றால் மெக்கான்கி என்ற வளர்ப்பு ஊடகத்தில் இளஞ்சிவப்பா, நிறமற்றதா, அப்புறம் ஆக்ஸிடேஸ். இப்படி ஒரு பெரிய சார்ட் தாளில் கிளை விட்டு வரைந்து வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள். சால்மோனெல்லாவும் புரோட்டியஸும் டிஎஸ்ஐ என்ற ஊடகக் குழாயில் ஒன்றுபோலவே கறுக்கும். யூரியேஸ் போட்டால் புரோட்டியஸ் மட்டும் இளஞ்சிவப்பாகும். தேர்வாளர்களுக்கு இந்த ஜோடி மேல் ரொம்பப் பிரியம்.

கிராம் சாயத்தில் நிறம் நீக்கும் படியில்தான் கை தவறும். கூட நேரம் விட்டால் ஊதா சிவப்பாகிவிடும்.

சளியில் காசநோய்க் கிருமி எண்ணுவதை எழுதிப் பார்த்துப் படியுங்கள். மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் 100 புலத்தில் 1 முதல் 9 வரை என்றால் எண்ணிக்கையை அப்படியே எழுத வேண்டும். 100 புலத்தில் 10 முதல் 99 என்றால் 1+. ஒரு புலத்துக்கு 1 முதல் 10 என்றால் 2+, இதற்கு 50 புலம் பார்த்தால் போதும். 10-க்கு மேல் என்றால் 3+, 20 புலம் போதும்.

காய்ச்சலில் ஸ்க்ரப் டைஃபஸையும் சேர்த்துப் படியுங்கள். வெயில் ஃபெலிக்ஸ் சோதனையில் ஓஎக்ஸ்-கே ஆன்டிஜென் ஒட்டினால் ஸ்க்ரப் டைஃபஸ்.

சிறுநீர்ப் பரிசோதனை சின்னப் பாடம்தானே?

சின்னதுதான். ஸ்ட்ரிப்பின் புரதக் கட்டம் ஆல்புமினைத்தான் நன்றாகப் பிடிக்கும். ஸ்ட்ரிப் நெகட்டிவ், சல்போசாலிசிலிக் அமிலத்தில் கலங்குகிறது என்றால் பென்ஸ் ஜோன்ஸ் புரதத்தை நினைக்க வேண்டும். வைட்டமின் சி மாத்திரை நிறையச் சாப்பிட்டவருக்குச் சர்க்கரை, ரத்தக் கட்டங்கள் பொய்யாக நெகட்டிவ் காட்டும். வைத்து வைத்துப் பார்த்த சிறுநீர் காரமாகிவிடும், காஸ்ட் (சிறுநீரகக் குழாயில் உருவாகும் புரத அச்சு) கரைந்துவிடும்.

நான் தமிழ் மீடியம். இங்கிலீஷ் கேள்வியைப் பார்த்ததும் கை ஓடலை.

என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்தக் கவலை இருக்கிறது. எனக்கும் இருந்தது. தமிழில் யோசித்துப் படியுங்கள். பெயர்ச்சொல்லை மட்டும் அந்த மொழியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். "சீரம் ஏன் சிவந்தது?" என்று தமிழில் காரணம் சொல்லத் தெரிந்தவருக்கு, விடையைக் கண்டுபிடிப்பது கண் பழக்கம் மட்டும்தான்.

ஒட்டுச்சொற்கள் இருபது கற்றுக்கொண்டால் இருநூறு சொல் புரியும். "ஈமியா" வந்தால் ரத்தத்தில், "யூரியா" என்று சொல் முடிந்தால் (நாம் போடுகிற யூரியா சோதனை வேறு) சிறுநீரில், "ஹைப்பர்" கூட, "ஹைப்போ" குறைவு, "பீனியா" எண்ணிக்கைக் குறைவு, "லைசிஸ்" உடைதல். அப்புறம், கேள்வியில் "எக்ஸப்ட்", "நாட்", "லீஸ்ட்" என்ற சொற்கள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று முதலில் தேடுங்கள். பாடம் தெரிந்த பிள்ளைகள் மார்க்கை விடுவது பெரும்பாலும் அங்கேதான். மாதிரிக் கேள்வி போடும்போது அந்தச் சொல்லை வட்டமிட்டுப் பழகுங்கள்.

கணக்கு வந்தாலே விட்டுட்டுப் போயிடுறேன்.

விடாதீர்கள். மொத்தமே ஏழெட்டு வகைதான். செல் எண்ணும் நியூபாயர் அறையில் வெள்ளையணுவை 1:20 நீர்த்து, நான்கு மூலைச் சதுரத்தில் எண்ணினால், எண்ணியதை 50-ஆல் பெருக்க வேண்டும். ஏன் 50? நான்கு சதுரத்தின் கன அளவு 0.4 மைக்ரோலிட்டர், 20-ஐ 0.4-ஆல் வகுத்தால் 50. 120 செல் எண்ணினால் 6,000. கருவுள்ள சிவப்பணு இருந்தால், வந்த வெள்ளையணு எண்ணிக்கையை 100-ஆல் பெருக்கி, 100 வெள்ளையணுவுக்கு எத்தனை கருவுள்ள சிவப்பணு என்பதை 100-ஓடு கூட்டி, அந்தத் தொகையால் வகுக்க வேண்டும். மாறுபாட்டுக் கெழு என்பது திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்குவது. மேலே சொன்ன சர்க்கரை கண்ட்ரோலுக்கு 3 சதவீதம். வாரத்தில் ஒரு நாள் கணக்கு மட்டும் போட்டால் ஒரு மாதத்தில் பயம் போய்விடும்.

வேலைக்குப் போய்க்கிட்டே படிக்க நேரம் கிடைக்கலை. என்ன செய்ய?

மூன்று மாதம் வையுங்கள். ரயிலிலும் பஸ்ஸிலும் எண்கள், அலகுகள், டியூப் வரிசை. நின்றுகொண்டே படிக்கலாம். இரவில் ஒரு மணி நேரம் கேள்விகள். விடுமுறை நாளில் பாளையில் இருக்கும் மாவட்ட மைய நூலகத்துக்குப் போய் உட்காருங்கள். வீட்டில் கிடைக்காத அமைதி அங்கே கிடைக்கும்.

லேபில் பார்க்கிற ஒவ்வொரு விசித்திரமான ரிசல்ட்டையும் ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள். நோயாளி பெயர் வேண்டாம்; எண், என்ன கோளாறு, எப்படிச் சரியானது, அவ்வளவு போதும். மூன்று மாதத்தில் அது நாற்பது பக்கம் ஆகும். என்னிடம் வருகிறவர்கள் கடைசி வாரத்தில் புத்தகத்தைத் தொடுவதில்லை, அந்த நோட்டைத்தான் புரட்டுகிறார்கள்.

ஒருமுறை எழுதி ஃபெயில் ஆயிட்டேன். மறுபடி முதல்லேர்ந்து படிக்கணுமா?

வேண்டாம். வீட்டுக்கு வந்ததும், எந்தப் பாடத்தில் தடுமாறினீர்கள் என்று ஞாபகம் இருப்பதை எழுதுங்கள். ஏஎஸ்சிபி எழுதியவர்களுக்குப் பாடவாரியாக மதிப்பெண் தாளிலேயே வரும். இரண்டு பாடம்தான் காலை வாரியிருக்கும், மிச்சம் நன்றாகவே இருக்கும். போன தடவை தவறிய ஒரு தம்பிக்கு ரத்த வங்கியும் குவாலிட்டி கண்ட்ரோலும்தான் குறைவு. ஆறு வாரம் அந்த இரண்டை மட்டும் பிடித்தான். தினம் ஒரு கிராஃப் தாள், தினம் ஒரு முன்வகை எதிர்வகைப் புதிர். கிராஃப் தாள்களை ரயில் பெட்டியில் மடியில் வைத்துப் புள்ளி போட்டதால் கோடு எல்லாம் ஆடியிருக்கும். அவற்றை என்னிடம்தான் கொடுத்து வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் எடுத்துக் காட்டுகிறேன்.